எனக்கு மூத்த என் தம்பி

குடியேற்ற மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா? இந்த ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வருகிற தண்ணீர் நான் போட்ட பம்பு வழியாகத்தான் வருகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குப் பட்டம் வாங்கிய பொறியாளர்கள் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் பட்டறை வாசலில் காத்து நிற்கிறார்கள். இதையெல்லாம் போன மலரிலும் எழுதினேன், அதற்கு முந்தின மலரிலும் எழுதினேன். இந்தத் தடவை என் தம்பியைப் பற்றி எழுதுகிறேன். பம்பைப் பற்றிப் படிக்க நினைத்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வீட்டில் அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவோம். எனக்கு ஐந்து வயது இளையவன். அவன் இறந்தபோது அவனுக்கு எழுபத்தொன்று, எனக்கு ஐம்பத்திரண்டு. கணக்கு இடிக்கிறதே என்று இங்கே பிறந்த பிள்ளைகள் நினைப்பார்கள். கப்பலில் வந்தவர்களுக்கு இடிக்காது.

பழைய மண்ணிலிருந்து இந்த மண்ணுக்கு விண்கப்பலில் இருபத்துநாலு வருஷப் பயணம். அத்தனை பேரும் விழித்திருந்தால் காற்றும் சோறும் கட்டுப்படியாகாது. அதனால் பெட்டிக்குள் குளிர வைத்துத் தூங்கப் போட்டுவிடுவார்கள். தூங்குகிறவர்களுக்கு வயது ஏறாது. ஆனால் அவர்களைக் கவனிக்க ஆள் வேண்டுமே. எங்களைப் போலக் கையில் ஒன்றும் இல்லாத குடும்பங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டில் ஒருவர் விழித்திருந்து ஒரு கூடத்தைப் பார்த்துக்கொண்டால் மற்றவர்களுக்கு இடம். வேண்டுமானால் பன்னிரண்டு வருஷம் ஒருவர், பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அப்பா இல்லை. அம்மா, நான், சின்னவன், மூன்று பேர்தான். எனக்கு இருபத்துநாலு, அவனுக்குப் பத்தொன்பது. முதல் முறையை அவனே எடுத்துக்கொண்டான்.

"நான் முதல்ல இருக்கேண்ணே. நீ பின்னாடி வா. எறங்கும்போது நீ முப்பத்தாறு, நான் முப்பத்தொண்ணு. அண்ணன் அண்ணனாவே இருப்ப, பயப்படாத," என்றான்.

அவன் பார்த்தது ஏழாம் கூடம். அறுபத்திரண்டு பெட்டிகள். காலையில் ஒவ்வொருவர் நாடியையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். உடம்பில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலுக்கு எண்ணெய் தடவ வேண்டும். வயது ஏறாவிட்டாலும் நகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளருமாம். ஏன் என்று டாக்டருக்கே தெரியாது. அறுபத்திரண்டு பேருக்கும் அவன்தான் நகம் வெட்டினான். ஊர்ப் பெரிய மனிதர்கள் என்று இன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற பலர் கால்விரலை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கிடந்தவர்கள்தான். நானும்தான்.

பக்கத்துக் கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நாற்று வளர்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் அவளுக்கு முதல் முறை, அவள் சித்தப்பாவுக்கு இரண்டாவது முறை. சின்னவனைவிட ஒரு வயது சிறியவள். நாற்றுக்காரி என்றுதான் கப்பலில் எல்லோரும் சொல்வார்கள். பேச ஆளில்லாத இடத்தில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். முறை முடிகிற வாரத்தில் இரண்டு பேரும் படுத்துவிடுவது, இறங்கியதும் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒன்றாகத் தூங்கினால் ஒரே வயதில் எழுந்திருக்கலாம் அல்லவா?

பன்னிரண்டாம் வருஷம் என்னை எழுப்பினார்கள். கண்ணைத் திறந்தால் தாடியோடு ஒருத்தன் குனிந்து பார்க்கிறான்.

"என்ன முழிக்கிற? நான்தான்டா, உன் தம்பி! இப்போதைக்கு உன்னைவிடப் பெரியவன், மரியாதையா எழுந்திரு," என்று சிரித்தான்.

மூன்று நாள் வாந்தி. பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளை நேற்றுத்தான் மூடினார்கள், வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு இன்னும் நாலு நாளில் இவனும் படுக்கப்போகிறான். துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டான். கைத்தாங்கலாக என்னைக் கூடத்துக்குள் நடத்திக்கொண்டு போனான்.

எனக்கு வேலைக்குப் பயமில்லை. எட்டு வயதில் சம்மட்டி தூக்கியவன் நான், ஊரே சொல்லும். ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பக்கம் முப்பத்தொரு பெட்டி, அந்தப் பக்கம் முப்பத்தொரு பெட்டி, நடுவில் ஒரு நாற்காலி. பன்னிரண்டு வருஷம் தம்பி உட்கார்ந்து உட்கார்ந்து அந்த நாற்காலியின் கைப்பிடி வெளுத்துப் போயிருந்தது. அடுத்த பன்னிரண்டு வருஷம் அது என்னுடையது.

மறுநாள் டாக்டரம்மாவிடம், நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்றேன். அடைக்கவே இல்லை.

அந்தம்மா கருவியை வைத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. ஆனா எழுந்த வாரத்துல கருவிய நம்ப முடியாது. நிஜமாவே வலிக்குதா?"

"உயிரே போகுதும்மா," என்றேன்.

அவர் சின்னவனைப் பார்த்தார். "இவர மறுபடி படுக்க வெச்சா எறங்கற வரைக்கும் தொறக்கக் கூடாது. நடுவுல ஒரு தடவைக்கு மேல எழுப்பினா உடம்பு தாங்காது. அப்படின்னா உங்கம்மாவத்தான் எழுப்பணும். இல்லன்னா நீ இருக்கணும்."

அவன் பக்கத்துக் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அம்மா வேணாம் டாக்டர். நான் இருக்கேன்," என்றான்.

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

"டாக்டர், நெஞ்சுவலின்னு மட்டும் பதிவேட்டுல எழுதாதீங்க. எறங்கினதும் அண்ணனுக்குக் கனமான வேலை எதுவும் குடுக்க மாட்டாங்க. பட்டறை வைக்கணும்னு சின்ன வயசுலேருந்து சொல்லிட்டிருக்கு."

"வேற என்னன்னு எழுதச் சொல்ற?"

"நானாக் கேட்டு வாங்கிக்கிட்டேன்னு எழுதுங்க."

அப்போதாவது கண்ணைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் கையை ஊன்றி நானே எழுந்து வந்தவன் என்று இந்த ஊரில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பட்டறைக்கு அனுமதி கேட்டுப் போன அன்று அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். என் பெயருக்கு எதிரே ஒரு குறையும் இல்லை. உடனே முத்திரை குத்திக் கொடுத்தார். அந்தப் பக்கம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அவன்.

இறங்கியபோது எனக்கு இருபத்துநாலு, அவனுக்கு நாற்பத்துமூன்று. அம்மா படுத்தது நாற்பத்துநாலு வயதில். அம்மாவின் பெட்டியை அவன்தான் திறந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். தலைமுடியை ஒதுக்கி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்க எப்பங்க வந்தீங்க?" என்றாள். செத்துப்போன அப்பாவின் முகம் அவனுக்கு வந்திருந்தது. "அம்மா, நான் சின்னவன்மா," என்றான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நாற்றுக்காரி முப்பது வயதில் எழுந்தாள். அவனிடம் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து என் தகரக் கொட்டகைக்கு வந்தாள். என் முதல் பம்பை நான் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதிவேட்டுல அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்னு இருக்கு. அவர்கிட்ட கேட்டா ஆமாங்கறார். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறார். நீங்க கூடப் பொறந்தவரு. நிஜமா அவராத்தான் கேட்டாரா?"

அந்த டாக்டரம்மா வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவனைத் தவிர உண்மை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். கொட்டகைக்கு முத்திரை விழுந்து நாலு நாள்கூட ஆகவில்லை.

"அவனுக்கு அந்த வேலை பிடிச்சுப்போச்சு போல," என்றேன், திருகாணியை முறுக்கிக்கொண்டே.

"அப்ப என்னை மூடி அனுப்பிட்டு நிம்மதியா இருந்திருக்கார்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்துக் கொத்தனார் ஒருவரைக் கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இரண்டாம் குடியிருப்புக்குப் போனாள்.

கப்பலில் சொன்னது இளவயதுப் பயம் என்று என்னையே சமாதானம் செய்துகொள்வேன். கொட்டகையில் சொன்னதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

சின்னவன் செருப்புக் கடை வைத்தான். என் பட்டறைக்கு எதிர்ச்சாரி. ஏழாம் கூடத்தில் வந்தவர்கள் யார் வந்தாலும் அளவு எடுக்க மாட்டான். "முகத்தப் பாத்தா பேரு வரல, கொஞ்சம் காலக் காட்டுங்க. ஓ, இருபத்தொன்பதாம் பெட்டி! வாங்க வாங்க, அந்தச் சுண்டுவிரல் எப்படி இருக்கு?" என்பான். ஊரில் அவனைப் பெரியவர் என்றார்கள். புதிதாக வருகிறவர்கள் என்னை அவன் மகன் என்று நினைப்பார்கள். அவன் மறுக்கவே மாட்டான். "ஆமாங்க, எம் பையன்தான். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, பாத்துப் பேசுங்க," என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு முறையும் விழித்திருந்தவர்கள் நீண்ட நாள் இருக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருஷம் இருந்தான். ஒரு குடும்பம் நடத்த அது போதாதா?

அவனுடைய எழுபதாம் வயதில் ஒரு நாள் மத்தியானம் எதிர்ச்சாரிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"சின்னவனே, கப்பல்ல எனக்கு நெஞ்சுவலி வரவே இல்லடா."

ஊசியை அவன் நிறுத்தவில்லை. "தெரியும்ணே."

"யாரு சொன்னா?"

"பன்னண்டு வருஷம் தெனமும் உன் நாடியப் புடிச்சு எழுதினவன் நான். ஒரு நாள் தப்பல. எருமை மாதிரி ஓடிச்சு."

"அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? போன வருஷத்த உன் பட்டறைல அடிச்சுக் குடுப்பியா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "கோவம் இல்லாம இல்ல. ஒரு நாலஞ்சு வருஷம் உன் பெட்டிகிட்ட வந்தா பேச மாட்டேன். மத்த அறுபத்தொரு பேர்கிட்டயும் பேசுவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. அவன் செருப்பைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு மட்டும் செய்ண்ணே. நான் வேணும்னே விட்டுட்டேன்னு அவ இன்னும் நெனச்சிட்டிருக்கா. இத்தன வருஷம் கழிச்சு நானே சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். நீ போய்ச் சொல்லு."

போனேன். வண்டியில் மூன்று நாள். நாற்றுக்காரி அங்கே நாற்றுப்பண்ணைக்குத் தலைவி. ஐம்பத்தேழு வயது, நரைத்த தலை, அதே விறைப்பு. நான் வருகிறேன் என்று தெரிந்து பண்ணை ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அங்கேயும் என் பம்புதான். அதில் வால்வு ஒழுகுகிறது என்றார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நானே இறங்கி ஒரு மணி நேரத்தில் சரி செய்தேன். இந்த வயதிலும் என்ன கை என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவளே கேட்டாள். "உங்க தம்பி எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கான். செருப்பு தைக்கிறான்."

"தனியாவா?"

"ஆமா."

"அதுவும் அவரே கேட்டு வாங்கினதுதானே," என்றாள்.

சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள். என் கையில் இன்னும் மசகு இருந்தது. தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள். நான் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

திரும்பி வந்தபோது வண்டி நிற்கிற இடத்தில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"சொன்னியாண்ணே?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

மூன்று நாள் வழியில் இதற்குப் பதில் யோசிக்கத் தோன்றவில்லை. "ஒண்ணும் சொல்லல. அழுதாங்க," என்றேன்.

தலையை ஆட்டினான். "எழுதுவாண்ணே. ஒடனே பேசற ஆளு இல்ல அவ. யோசிச்சு எழுதுவா."

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தான். பத்து நாளைக்கு ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தபால் வண்டி வரும். அன்றைக்கெல்லாம் கடையை அடைத்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பான். நடக்க முடியாமல் போனதும் என்னை அனுப்பினான். நானும் போய் நின்றேன், இல்லாத கடிதத்துக்கு. வெறுங்கையோடு வந்து, "இன்னும் வரல," என்பேன். "மலைப்பாதைல மழையா இருக்கும்," என்பான்.

அவன் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டால், வேலை இருந்தது என்பேன். எனக்கு எப்போதும் வேலை இருந்தது. இந்த வருஷம் எனக்கும் எழுபத்தொன்று.

மலர் இரண்டாம் குடியிருப்புக்கும் போகிறது. நாற்றுக்காரம்மா, நீங்கள் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கண் தெரியாவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவன் கேட்டு வாங்கவில்லை. உங்களை மூடின மறுநாளே துணியை மடித்து வைத்துவிட்டுப் படுக்கத் தயாராக இருந்தான். நான்தான் பொய் சொல்லி அவனை உட்கார வைத்தேன். கொட்டகையில் உங்களிடம் சொன்னதும் பொய். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. படிக்க வேண்டியவனை நான் காக்க வைத்தே அனுப்பிவிட்டேன்.