கெட்ட செய்திக்குக் கதவு திறந்து வைத்தவர்

அக்காவைப் பற்றி எழுதித் தா என்று அத்திம்பேர் கேட்டார். சரி என்றேன். பிறகு வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுற்றியது. கீழே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். இன்று பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியான எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள்.

அக்கா பிறந்தது கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கத்து இரண்டு அறை வீட்டில். அப்பா ஒரு பழைய கம்பெனியில் கணக்கு அதிகாரி. அம்மா சீக்கிரம் போய்விட்டார். பள்ளிப் பையை இறக்கி வைத்த கையோடு சமையலறைக்குள் போன பெண் அக்கா. பி.காம். முடித்துத் துறைமுகப் பக்கம் கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தார். லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே, நோய் படுக்கவைக்கும்வரை அந்த வேலைக்குப் போய்வந்தார். மணமாகி இதே நகரில் டாக்குரியாவுக்கு வந்தார். அத்திம்பேரை வங்கி ஊர் ஊராக மாற்றியது. அக்கா ஒரே மகன் விக்னேஷோடு இங்கேயே இருந்தார். பாபுன் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். அது பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், வைத்த செல்லப் பெயர்.

பாபுன் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருப் பையன் ஒருவனைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். நல்ல குடும்பம், நல்ல மார்க். "எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று அவன் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். தெரியாது என்ற அந்தச் சொல் அக்காவுக்குள் போய்த் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் வந்தது. தட்டு போட்டதும் அக்கா கேட்பார்: "இன்னிக்கு என்ன சொதப்பித்து?" முதலில் தன்னுடையதைச் சொல்வார்.

"தப்பான கப்பலோட பேப்பரை கஸ்டம்ஸுக்கு அனுப்பிட்டேன். மானேஜர் எல்லார் முன்னாடியும் கத்தினார். பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் வந்து சரி பண்ணினேன்."

"நிஜமாவே அழுதியா?" என்பான் பாபுன்.

"அழுதேன். நீ சொல்லு."

அவன் பதினொன்றாம் வகுப்பில் தோற்றான். நம் குடும்பங்களில் இப்படி ஒன்று நடந்தால் கொலுவுக்கு முன் ஒரு பொய் தயாராகிவிடும். உடம்பு சரியில்லை, ஸ்கூல் மாற்றுகிறோம் என்று. அக்கா மகனிடம், "நான் பொய் சொல்லப் போறதில்லை. உனக்கு கஷ்டமா இருந்தா மாஷிமா ஆத்துல போய் இரு" என்றார். அவன் போகவில்லை. கொலுவில் மஞ்சள் குங்குமத்துக்கு வந்த ஒரு மாமி கேட்டார்.

"பாபுன் ட்வெல்த்தா இப்போ?"

"இல்லை மாமி. லெவன்த்ல ஃபெயிலாயிட்டான். மறுபடி படிக்கறான்."

"மெதுவாச் சொல்லுடி. யார் காதுலயாவது விழப் போறது."

"கணக்குல பதினெட்டு மாமி" என்றான், தொன்னைகளோடு நின்றிருந்த பாபுன். "சுண்டல் இன்னும் கொஞ்சம் தரட்டுமா?"

மாமி சிரித்துவிட்டார். அறையில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் நானும் அந்தச் சாப்பாட்டில் இருந்தேன். பாபுன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ட்யூஷன் முடிஞ்சு லேக் பக்கம் போனோம். போதைக்கு இருமல் சிரப் குடிக்கறா எல்லாரும். நானும் குடிச்சேன். இன்னிக்குதான் முதல் தடவைன்னு இல்லை."

அக்காவின் கை சாதத்தில் நின்றது. "சொன்னியே. இன்னிக்கு அது போதும். சாப்பிடு" என்றார். பிறகு கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அழுததை நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

அத்திம்பேர் போனில் பதறினார். "திருச்சிக்கு அனுப்பிடு. எங்க அண்ணா பாத்துப்பார்." கல்கத்தாத் தமிழர்கள் நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்வது இதுதான். பிள்ளை தடம் மாறினால் ஊருக்கு அனுப்புவோம். அவனுக்கோ அந்த ஊரில் ஒரு தெருகூடத் தெரியாது.

"அங்க இவன் தமிழைக் கேட்டு எல்லாரும் சிரிப்பா" என்றார் அக்கா. "அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?"

பாபுன் இங்கேயே இருந்தான். மறுநாள் அக்கா அவனோடு டாக்டரிடம் போனார். கிளப்பில் கால்பந்தாட்டத்துக்கு அனுப்பினார். இனி வரமாட்டேன் என்று அந்த நண்பர்களிடம் அவனே போய்ச் சொல்லவேண்டும் என்றார்.

"அம்மாப் பிள்ளைன்னு கேலி பண்றா" என்று திரும்பி வந்தான்.

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

ஒருமுறை வழுக்கினான். அதையும் சாப்பாட்டில்தான் சொன்னான். அக்கா மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனார். பிறகு படித்தான், தேறினான், வேலைக்குப் போனான். ஏதோ மருந்து தந்து மாற்றியதாக உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். அடிவாங்கிய இடத்தைக் காட்ட ஒரு வீடு இருந்தது. அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அதே சாப்பாட்டில் அக்கா தன் முறைக்குச் சொன்னார்: "பயாப்ஸி ரிசல்ட் வந்துடுத்து. நன்னா இல்லை." யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே ரயில் ஒன்று நின்று, கிளம்பிப் போனது. கடைசி வாரங்களில் வலியைப் பற்றி அக்கா அதிகம் பேசவில்லை. என்னிடம் ஒன்றையே கேட்டார். "நான் போனப்புறம் அவன் யார்கிட்டடா சொல்லுவான்?" நான் போர்வையைச் சரிசெய்தேன்.

அக்காவைத் தகனம் செய்த மதியம், மயான வாசலில் அந்தப் பழைய நண்பர்கள் இருவர் பாபுனின் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவன் சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து அவன் கையில் வைப்பதைப் பார்த்தேன். போய்த் தடுக்கவேண்டும் என்று தெரிந்தது. நான் போகவில்லை. வெயில் மிக வெள்ளையாக இருந்தது. பாபுன் கையைப் பார்த்தான். அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். ஈர வேட்டியோடு என்னிடம் நடந்து வந்தான்.

"மாமா, எனக்கு அது வேணும் போல இருக்கு. ரொம்ப வேணும் போல இருக்கு. என்னை ஆத்துக்குக் கூட்டிண்டு போ."

கூட்டிக்கொண்டு போனேன். டாக்ஸியில் என் மணிக்கட்டை அவன் விடவில்லை.

இதை அச்சில் போடலாமா என்று அவனிடம் கேட்டேன். "போடு மாமா. அம்மாவா இருந்தா போட்டிருப்பா" என்றான்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொடுத்தனுப்பிய மாஷிமாவுக்கும், அக்காவைத் தோளில் சுமந்த கிளப் பையன்களுக்கும், பாதி தேசம் தாண்டி வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆம்பளைப் பிள்ளை, தைரியமாக இரு என்று பாபுனிடம் சொல்லாதீர்கள். அவன் எண் உங்கள் பலரிடம் இருக்கிறது. அவன் அழைத்தால், எந்த வேலையாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள்.