சீப்பு மாப்பிள்ளையும் இல்லாத சுவரும்

மாப்பிள்ளைக்குச் சீப்புக் கம்பெனியில் வேலை என்றுதான் மாமனார் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். என்ன வேலை என்று முன்பொருநாள் கேட்டதற்கு மாப்பிள்ளை காட்டிய படம் அப்படி: பல் பல்லாய்ச் செதுக்கிய உலோகப் பட்டை. அதை ஒட்டி எலக்ட்ரான்கள் ஓடினால் டெராஹெர்ட்ஸ் அலை கிளம்பும், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டும் என்றெல்லாம் விளக்கினார். மாமனார் மனதில் சீப்பு மட்டும் நின்றது.

உண்மையில் அந்தச் சீப்பை மாப்பிள்ளை தொட்டதுகூட இல்லை. எல்லாம் கணினிக்குள்தான். திரையில் ஒரு பெட்டி வரைந்து, உள்ளே சீப்பை வைத்து, எலக்ட்ரான்களை விரட்டுவார். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட வராத ஓட்டம். கணக்குப் போட்டு முடிக்கக் கணினிக்கு ஒரு வாரமாகும். அதுவரை சோறு இறங்காது. பிரசவ வார்டு வாசலில் நிற்பவரைப் பார்ப்பதுபோல மனைவி அவரைப் பார்ப்பாள்.

இந்தமுறை அலை கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. அவருடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் கூட்டத்துக்கு இது ஒன்றே போதும் என்றார் ஆய்வகத் தலைவர்.

கூட்டத்தன்று காலை, குளியலறையில் வாய் கொப்பளித்த சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. மாப்பிள்ளை நுரையும் பிரஷ்ஷுமாக அப்படியே நின்றுவிட்டார். திரையில் வரைந்த பெட்டியின் சுவர்கள், வெளியே போகும் அலையை விழுங்கிவிட வேண்டும். அந்தக் கட்டளையைப் போட மறந்திருந்தார். போன அலையெல்லாம் முட்டித் திரும்பி எலக்ட்ரான்களை மறுபடி மறுபடி உசுப்பிவிட்டிருக்கிறது. அலை அப்படிக் கொட்டியது அதனால்தான்.

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் மனைவி.

"எலக்ட்ரானுக்குத் தெரியுமே."

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அப்ப சொல்லிட்டே வாங்க."

சொன்னார். நிதி அதிகாரிதான் முதலில் கேட்டார், அந்தச் சுவர் எங்கே கிடைக்கும் என்று.

"அது இல்லாத சுவருங்க சார்."

"இல்லாமலே இவ்வளவு செய்யுதே. இருந்தா?"

சிரித்துவிடுவார் என்று மாப்பிள்ளை தலைவரைப் பார்த்தார். அவரோ எழுந்துபோய், பலகையில் சீப்புக்கு மேலே, அலையைத் திருப்பியனுப்பும் கண்ணாடியாக ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள். "நிரந்தரமாச்சா?"

"சுவருக்கு ஆச்சு."

"உங்களுக்கு?"

"அதைக் கட்டி, அலை வந்தா."

உள்ளே காதைத் தீட்டிக்கொண்டிருந்த மாமனார், மருமகன் சீப்பை விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாக மறுநாளே தெருவுக்கு அறிவித்தார்.