இணைப்பு யார் பேரில்?

எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மின் கணக்கு அட்டை தொங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து அதைக் கையில் எடுத்து, மேலே எழுதியிருக்கும் அப்பாவின் பேரை உரக்கப் படித்துவிட்டு, "வீட்ல ஆளு உண்டா?" என்பார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் படிப்பார், நான் வாசலுக்குப் போய் "உண்டு" என்பேன். அட்டையை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

சோலார் வந்த பிறகுதான் தோன்றியது. கூரையில் தகடு போட்டால் மானியம், அதுவும் நேராக வங்கிக் கணக்குக்கு. கடன் வேண்டுமென்றால் குறைந்த வட்டி. பகலில் மிஞ்சுகிற கரண்டைக் கம்பி வழியே திருப்பிக் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். இப்படி அரசு ஆசை காட்டினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி சுற்றுவதை பஸ் ஜன்னலில் வேடிக்கை பார்த்த ஜனம் நாங்கள். கரண்டு உண்டாக்குவது பெரிய பணக்காரர்கள் பாடு என்றிருந்தோம். இப்போது எங்கள் சிதறால் பக்கத்திலேயே வீட்டுக்கு வீடு நீலத் தகடு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சர்ச் முற்றத்தில் பேச்சே மானியத்தைப் பற்றித்தான்.

நான் நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. விண்ணப்பம் என்று கண்டால் கை சும்மா இருக்காது. விதிகளை இரண்டு தடவை படித்தேன். மின் இணைப்பு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பேரில் இருக்க வேண்டும். ஆகவே இணைப்பை என் பேருக்கு மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளிடமிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம். வாரிசுகள் அம்மா, நான், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் தங்கை, மூன்று பேர். தங்கை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அம்மாவின் கடிதத்தை நானே அழகாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

அம்மா போடவில்லை. ஒரு நாள் கண்ணாடியைக் காணோம் என்றாள். இன்னொரு நாள் அடுப்பில் வேலை. கேட்டால் "பெறவு பாப்பம்." மூன்றாவது வாரம் அந்தக் கடிதத்தின் மேல் வெங்காயக் கூடை ஏறியிருந்தது.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பாவின் பேரைச் சொல்லி இன்னும் ஒருவர் வாசலில் கூப்பிடுவது அந்த அட்டையால்தான். அதையும் அழிக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. தங்கையிடம் போனில் உருக்கமாகச் சொன்னேன். அவள் உருகவில்லை.

"அண்ணா, அம்மாட்ட கேட்டியா?" என்றாள்.

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் அன்று சாயங்காலம் கேட்டேன். அம்மா அடுக்களைப் படியில் உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள்.

"அப்பாக்க பேர எடுக்க சங்கடமா இருந்தா வேண்டாம்மா. சோலாரே வேண்டாம்," என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஒனக்க அப்பாக்க பேரு கல்லறையில கொத்தி வச்சிருக்கு, மக்களே. அது போரும். இந்த வீட்டுல எனக்க பேரு எங்க இருக்கு?"

செதிள் ஒட்டிய கையால் மேலே கான்கிரீட் கூரையைக் காட்டினாள்.

"ஓட்ட எறக்கிட்டு இந்தத் தட்டு வாத்தது யாருக்க பைசாயில? அண்டி ஆபீஸ்ல கணக்கு முடிச்சப்ப தந்தது அம்புட்டும் கம்பியும் சிமெண்டுமாட்டு மேல கெடக்கு. அதுல வெயிலு விழுந்து கரண்டு வந்தா, அது ஒனக்க பேருல. நான் இருக்கேனா, செத்தேனா?"

அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. இருபது வருஷத்துக்கு மேல் அம்மா அங்கே போனாள். கொட்டையின் எண்ணெய் தின்ற விரல் நுனிகளை இன்றும் ரேஷன் கடை மிஷின் முதல் தடவையில் ஏற்றுக்கொள்வதில்லை. கூரை அந்தப் பணத்தில் போட்டது என்று எனக்குத் தெரியாததல்ல. கான்கிரீட் போட்ட அன்று சட்டி சுமந்தவர்களுக்குச் சாயா கொண்டு கொடுத்தவனே நான்தான். எந்த வாரிசின் பேருக்கும் மாற்றலாம் என்றுதான் விதியிலும் இருந்தது. இரண்டு தடவை படித்த எனக்கு அம்மா என்று ஒரு வாரிசு கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

பழைய கடிதங்களைக் கிழித்து, தங்கையிடம் புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லிவிட்டு, அதே மேசையில் உட்கார்ந்து என் கடிதத்தை எழுதினேன். 'மேற்படி இணைப்பை என் தாயார் பேருக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' அலுவலகத்தில் இந்த வாசகத்தை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்சேபிக்க நான் யார் என்று கை கூசியது இந்த ஒரு தடவைதான்.

தகடு போட வந்த காண்டிராக்டர் எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். பதிலெல்லாம் அம்மாவிடமிருந்து வந்தது. முட்டு வலியோடு மாடி ஏறி, துளை போடும் இடங்களில் எல்லாம் பக்கத்திலேயே நின்றாள். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்கிச்சின்னா ஒன்ன விடமாட்டேன், பாத்துக்க," என்றாள். மானியம் அவள் கணக்கில் ஏறியது. கரண்டு போவதையும் வருவதையும் காட்டும் புது மீட்டர் வந்தது. ஆணியில் புது அட்டை தொங்கியது.

போன மாதம் கணக்கெடுப்பவர் வந்தார். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையை எடுத்து, ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, அம்மாவின் பேரை உரக்கப் படித்தார். அந்தப் பேரைச் சொல்லி ஊரில் யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவள் என் அம்மா, அல்லது அப்பாவின் பெண்சாதி.

"வீட்ல ஆளு உண்டா?"

பழக்கதோஷத்தில் நான் எழுந்துவிட்டேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"உண்டு," என்றாள். "நானாக்கும் அது."