தனபாலுக்கு நாம் கட்டிய காப்பு

ஞாயிறு காலை கியா பார்ம் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது கங்காணி போன் செய்தார். "வாத்தியாரே, டிரஸர் தனபால் போயிட்டாரு லா. ஹார்ட் அட்டாக்காம்." காரியம் முடியும்வரை கோயில் கமிட்டிக்காரர்கள் நீங்கள் எல்லாரும் அதையே சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். இனி முடியாது.

தோட்டத்து மருந்தகத்தில் அவர் காயங்களுக்குக் கட்டுப் போட்டதைவிட, போதையை விடத் தவித்தவர்களுக்காக நம்மிடம் சண்டை போட்டதே அதிகம். ஒருமுறை ஒரு லாரி டிரைவர் ஹெராயினை நிறுத்திவிட்டு லைன் வீட்டில் நடுங்கிக் கிடந்தான். "கியான் ஏறிடுச்சு, மருந்து ஆசையில நடிக்கிறான்" என்றேன். தனபால் என்மேல் பாய்ந்தார்.

"டுரியான் பழத்து மேல வர்ற ஆசைதான் கியான். இது மூளைச் செல்லு கத்துறது. பூச்சி மருந்து அடிக்கிற குழாய மிதிச்சுக்கிட்டா என்னா செய்வோம்? தண்ணி வரலன்னு பம்ப ஏத்துவோம். அப்புறம் கால எடுத்தா மூஞ்சிலதான் அடிக்கும். போதை அந்தச் செல்லுங்கள மிதிச்சு வெச்சிருந்துச்சு, அதுங்களும் பம்ப ஏத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப காலு எடுத்தாச்சு. அதான் வேர்வை, நடுக்கம், வயித்தால போறது எல்லாம்."

தினமும் அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், மாற்று மருந்து வாங்கிக் கொடுத்து, குழாய் மேலிருந்த அந்தக் காலை மெல்ல மெல்ல எடுக்க வைத்தார். அவன் இன்றும் லாரி ஓட்டுகிறான். "பத்து நாளு சும்மா விட்டுட்டு பழைய அளவ தொட்டா மூச்சு நின்னுடும். ஆசை அப்படியே இருக்கும், தாங்குற சக்தி போயிருக்கும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு முதுகில் ஆபரேஷன். ஹெராயின் இனத்து வலி மாத்திரை அவரையே பிடித்துக்கொண்டது. கோயில் கமிட்டியில் நாம் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஆத்தாவுக்குப் பயந்து மாத்திரையை விட்டுவிடுவார் என்று. அவர் கையைப் பிடித்துப் பூசாரியிடம் நீட்டியவன் நான்தான்.

மூன்றாம் நாள் சட்டை நனைய வேர்த்துக்கொண்டு என் வாசலில் நின்றார். "முடியல வாத்தியாரே. கிளினிக்குக்குக் கொண்டு போங்க."

"காப்புக் கட்டியாச்சுண்ணே. எல்லை தாண்டக் கூடாது."

"குழாய் கதைய உங்ககிட்டதானே சொன்னேன்?" என்றார். பிறகு மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எல்லாம் தெரிந்த அந்த மனிதரும் ஆத்தாவுக்குப் பயந்தார்.

பத்தாம் நாள் காப்பு அவிழ்த்தோம். மாலை போட்டு, போட்டோ எடுத்து, ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று பெருமையடித்தோம். அவிழ்த்த இரண்டாம் நாள் பழைய அளவில் மாத்திரை போட்டார். மூச்சு நின்றுவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குழாய் கதைதான். அடுத்த திருவிழாவில் எவனாவது நடுங்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தால், காப்போடு காரில் ஏற்றுவேன். எல்லை தாண்டியதற்கு ஆத்தாவிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.