பிரேக் மாத்திரை

மற்றவர்களை நடக்க வைத்துச் சம்பளம் வாங்குவதுதான் பிசியோதெரபி. இதய நோயாளிகளோடு வராந்தாவில் நடந்து செருப்பு தேய்ந்த சகாக்களே, நெய்வேலியில் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். இங்கே ஆளுக்கொரு மெஷின் தெரியும். இதயமும் அவர்களுக்கு அதில் ஒன்று.

ஏறாத மீட்டர்

பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த கலியபெருமாள் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். இதயம் பலவீனமாகி மாதக்கணக்கில் லீவில் இருந்தார். படியேறிப் போய் கன்ட்ரோல் கேபினில் மறுபடி உட்கார வேண்டும், அதுவே அவர் ஆசை. அதற்கு என் நடைச் சோதனையில் தேற வேண்டும். மகன் வாங்கித் தந்த, துடிப்பு காட்டும் வாட்சைக் கட்டிக்கொண்டு நடந்து பழகினார். எவ்வளவு வேகமாக நடந்தாலும் எண் ஏறவில்லை. பயந்துபோய் இன்னும் வேகமாக நடந்து, மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றார்.

"லோடு ஏத்திக்கினே இருக்கேன், மீட்டர் ஏற மாட்டேங்குது. மெஷின் போச்சா மேடம்?"

கழற்றிய பிரேக்

மெஷின் போகவில்லை, டாக்டர் கொடுத்த இதய மாத்திரைதான் துடிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது, களைத்த இதயம் தறிகெட்டு ஓடாமல் இருக்க அது ஒரு பிரேக் என்றேன். வாட்சைப் பார்க்காதீர்கள், பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம் என்றும் சொன்னேன். தலையாட்டினார். விளக்கிய அழகில் எனக்கே பெருமை.

சோதனை நாளன்று, உட்கார்ந்திருக்கும்போதே அவருக்குத் துடிப்பு எகிறியது. மாத்திரையை இரண்டு நாளாகத் தொடவில்லையாம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கூட்டி வர ஓடினேன். சோதனை தள்ளிப்போனது. அவர் மனைவி செல்வி திட்டித் தீர்த்தார். கலியபெருமாள் மட்டும் நிதானமாகக் கேட்டார்:

"பெல்ட்டு ஓடணும்னா மொதல்ல பிரேக்கைத்தான ரிலீஸ் பண்ணணும், மேடம்?"

தாண்டிய பெஞ்சு

அடுத்த முறை, செல்வி தன் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வைத்து, வாட்சைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு அவரைக் கூட்டி வந்தார். நடந்தார். முன்பெல்லாம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் பெஞ்சு வந்தது. வெயிலைப் பற்றியும் கம்பெனி பஸ்ஸில் இடம் கிடைக்காததைப் பற்றியும் பேசிக்கொண்டே அதைத் தாண்டிப் போனார். துடிப்பு கொஞ்சம்தான் ஏறியிருந்தது. கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினேன். டாக்டரும் சம்மதித்தார். வேலையில் சேர்ந்த அன்றே போன் வந்தது.

"கேபின்லேர்ந்து பேசுறேன் மேடம். பிரேக்கோடவே பேசிக்கினு ஏறிட்டேன், கூட வந்தவனுக்குத்தான் மூச்சு வாங்குது."

மாத்திரையை விழுங்க வைக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும், அதை நம்ப வைப்பதற்குள்தான் நமக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது.