தொட்டியில் எனக்குப் பின்னால் இறங்கியவர்

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சிறுநீர் என் கட்டுப்பாட்டில் இல்லை. இருமினால் கசியும். சிரித்தால் கசியும். நாற்காலியை விட்டு எழுந்தால் கசியும். சில மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஏழு மாதம் ஆயிற்று, சரியாகவில்லை. விழுப்புரத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, "சார், ஒண்ணுக்குப் போகணும்" என்று எழுந்த பிள்ளைகளை முறைத்து உட்காரவைத்தவன் நான். எழுபத்தொரு வயதில் டயப்பர் கட்டிக்கொண்டு நடந்தேன். இதை எழுதவும் கூசுகிறது.

என் மனைவி ஸ்டெல்லா திண்டிவனத்துக்காரி. எங்கள் சபையும் அங்கேதான். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். அவளுக்குத் துணையாக ஞாயிறுதோறும் பஸ் ஏறியவன், மெல்ல மெல்ல விசுவாசித்து, ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்திருந்தேன். அதற்குள் ஆபரேஷன்.

எங்கள் சபையில் தலையில் தெளிப்பதில்லை. மயிலம் பக்கத்தில் ஒரு விசுவாசியின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலை வயலில், பம்புசெட்டுத் தொட்டி இருக்கிறது. அதில்தான் முழுக்குவார்கள். ஜெபம் காதில் விழவேண்டும் என்று மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். தேங்கிய அந்தத் தண்ணீரில்தான் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் இறங்கவேண்டும்.

அதுதான் என் பயம். என்னிடமிருந்து கசிவது அதில் கலக்குமே! பரிசுத்தமான காரியத்தை அசிங்கப்படுத்திவிடுவேனே! இரண்டு முறை பெயர் கொடுத்தேன். இரண்டு முறையும் சளி என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன். பிறகு பஸ்ஸில் போகவே பயம். வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, போதாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஜெபம் மட்டும் செய்தேன். "ஆண்டவரே, இதை நிறுத்தும். நின்றதும் வந்து இறங்குகிறேன்." அழுதும் கேட்டேன். நிற்கவில்லை.

போன மாசியில் மறுபடியும் ஞானஸ்நான ஆராதனை. "வேடிக்கை பார்க்கவாவது வாங்க" என்று ஸ்டெல்லா, ஞானஸ்நானத்துக்கென்று வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். போனேன். கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கியதில், தொட்டிக்குப் போய்ச் சேரும்போது டயப்பரையும் மீறி வேட்டி பின்பக்கம் நனைந்திருந்தது.

மங்கா அம்மாள் பார்த்துவிட்டார். கொல்லை வேலைக்குப் போகிற விதவைத் தாய். அன்று ஞானஸ்நானம் எடுக்க வந்தவர்.

"இன்னா சாரு, தொட்டியில எறங்கறதுக்கு முன்னாடியே நனைஞ்சிக்கினு வந்துட்டீங்க? அம்மாம் அவசரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு விஷயம் தெரியாது. எனக்கோ பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

மூன்று பேர் முழுகி ஏறினார்கள். மிச்சம் மங்கா அம்மாள்தான். விளிம்பைப் பிடித்தவர் இறங்கவில்லை. "எனக்குத் தண்ணின்னா பயம் பாஸ்டர். சாருதான் வேட்டியோட வந்துகிறாரே, அவரு மொதல்ல எறங்கட்டும். அவரு முழுகி எழுந்தா எனக்கும் தைரியம் வரும்."

"நீங்க எறங்குங்கம்மா. நான் அப்புறம் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நீங்க எறங்கலன்னா நானும் இல்ல. ஜல்தி சொல்லுங்க, பஸ் போயிடும்." நிஜமாகவே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

என்னால் ஒரு ஆத்துமா திரும்பிப் போகிறதே என்று பதறினேன். அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். "எனக்கு மூத்திரம் நிக்கறதில்லம்மா. நான் எறங்கின தண்ணியில நீங்க எறங்கக் கூடாது."

இப்போது அவர் சிரிக்கவில்லை. "இதுக்கா இம்மா நேரம் பேஜாரு பண்ணிக்கினு நின்னீங்க? எங்க மாமியாருக்கு நாலு வருஷம் நான்தான் துணி மாத்துனேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "எங்க அப்பன் காலத்துல உங்காளுங்க கெணத்தை எங்கள தொடவுடல சாரு. தீட்டாயிடும்னாங்க. இப்ப நீங்க எறங்கின தண்ணியில நானே எறங்கறேன்றேன். அதையும் வோணாம்றீங்களா?"

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கிணறு இருந்தது. ஏழு மாதமாக உடம்பை நினைத்து வெட்கப்பட்டவன், அன்றுதான் மனதை நினைத்து வெட்கப்பட்டேன். கர்த்தருடைய தண்ணீரையும் எங்கள் குடும்பக் கிணறு மாதிரி அல்லவா காவல் காத்துக்கொண்டிருந்தேன்!

இறங்கினேன். பாஸ்டர் என்னைப் பின்னால் சாய்த்து முழுக்கினார். பழைய மனுஷன் செத்து அடக்கமாவதுதான் ஞானஸ்நானம் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். தண்ணீருக்கடியில்தான் அது புரிந்தது. சுத்தமாகிவிட்டு வருகிறேன் என்று நான் தள்ளிப்போட்டேன். ஆண்டவரோ இருக்கிறபடியே வந்து சாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்தபோது மங்கா அம்மாள் "இயேசப்பா, இயேசப்பா" என்று இறங்கிக்கொண்டிருந்தார். கை கொடுத்தேன். பயத்தில் வாயைத் திறந்தபடி முழுகி, அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்தும்விட்டார். இருமிக்கொண்டே சிரித்தார். நான் தேம்பி அழுதேன்.

கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஆனாலும் என் ஜெபம் கேட்கப்பட்டது என்றே சாட்சி சொல்கிறேன். ஒளிந்துகொண்டிருந்தவனைக் கர்த்தர் வெளியே கொண்டுவந்தார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறுகிறேன். சபையில் எழுந்து இதைச் சொன்னபின் இரண்டு பெரியவர்கள் தங்களுக்கும் இதே கஷ்டம் என்று வந்து அழுதார்கள்.

எல்லாம் சரியானதும் வருகிறேன் என்று வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற சகோதரனே, சகோதரியே, சரியாகாமலே வாருங்கள். வெட்கமாக இருந்தால் சொல்லுங்கள். நனைந்த வேட்டியோடு உங்கள் பக்கத்தில் நான் வந்து நிற்கிறேன்.