பாரம் பார்த்து வாங்கிய அம்ப்

1. சனிக்கிழமை வந்த பெட்டி

“அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே தூக்கிப் பாத்துத்தாங்க வாங்கினேன்” என்று சொல்லியபடி செல்வம் ஒரு குட்டி அம்பை, அதாவது ஸ்பீக்கருக்குப் பூட்டும் அம்ப்ளிஃபயரை, என் மேசையில் வைத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். வைத்ததும் ‘டொக்’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் அம்ப், ரேடியோ திருத்தும் கடை வைத்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. செல்வம் ஒரு வெளிநாட்டு மனேஜரிடம் பதினொரு வருஷம் கார் ஓட்டியவர். மனேஜர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது, புத்தக அலுமாரியில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் இவரிடம் கொடுத்துவிட்டு, அம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்பீக்கர்கள் அருமையானவை. அம்ப் இல்லாவிட்டால் அவையும் மரப்பெட்டிகள்தான்.

“ஐயா வீட்ல அந்தியில பாட்டு போடுவாருங்க. நான் ஜன்னலுக்கு வெளிய, காருக்குப் பக்கத்துல நின்னு கேப்பேன். ஒரு நாளாவது அந்த ஸ்பீக்கருக்கு முன்னால ஒக்காந்து நாதஸ்வரம் கேக்கணும்னு ஆசைங்க” என்று முதல் தடவை வந்தபோதே சொல்லியிருந்தார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே கரகரத்துவிட்டு அம்ப் நின்றுபோகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை வீட்டில். ஜிந்துப்பிட்டியில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும்தான். மனைவி புஷ்பம் அந்த அறையில்தான் பிளவுஸ் தைக்கிறார். துணி வெட்டும் மேசையை ஸ்பீக்கர்கள் பிடித்துக்கொண்டு மூன்று கிழமையாகிறது.

“நாளைக்குள்ள பாடலன்னா ஸ்பீக்கர வித்துருவேன்னு சொல்லிட்டா அண்ணே. வெளையாட்டுக்குச் சொல்லல. வாங்குற ஆளையும் பாத்து வச்சிருக்கா.”

2. என் சட்டம்

தூக்கிப் பார்த்து வாங்கு என்பது நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த சட்டம். பழைய அம்புகளுக்கு அது சரி. உள்ளே டிரான்ஸ்ஃபோமர் பெரிதாக இருந்தால்தான் நல்ல கரண்ட் கிடைக்கும். செப்பும் இரும்பும் கூடினால் பாரமும் கூடும். கடைக்கு வருகிறவர்களின் கையில் இரண்டு அம்புகளைக் கொடுத்து, “எது பாரம்? அதை எடுங்கோ” என்பேன். பெரிய ஞானி மாதிரி ஒரு சிரிப்பும் சிரிப்பேன்.

டிஜிட்டல் அம்ப் என்று இப்போது விற்கிறார்களே, நாங்கள் கிளாஸ்-டி என்போம், அதன் கதை வேறு. சூடாக்கி வீணாக்கும் கரண்ட் அதில் மிகக் குறைவு. உள்ளே டிரான்ஸ்ஃபோமரே இருக்காது. வெளியில் ஓர் அடப்டர், உள்ளே ஒரு சின்ன போர்ட், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் குட்டிச் சாமான்களை நான் அம்ப் என்றே மதித்ததில்லை. விளையாட்டுச் சாமான் என்று முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

அதனால் செல்வம், “சின்னதா, வெல கொறஞ்சதா ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டு வந்த அன்று, நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எதெண்டாலும் தூக்கிப் பாருங்கோ. பாரமா இருந்தா வாங்குங்கோ” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம் மனுஷன், புறக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கி, இருந்ததிலேயே பாரமானதைப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

3. ஹீட் சிங்க் என்று சொன்னேன்

நாலு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். போர்ட் தீப்பெட்டி அளவு. அதற்குப் பக்கத்தில், பசை போட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. வயர் இல்லை, ஸ்குரூ இல்லை, எதோடும் தொடர்பில்லை. பெட்டியைப் பாரமாக்குவது மட்டும்தான் அதன் வேலை.

காது சூடாகிவிட்டது. யாரோ ஒருவன் என் சட்டத்தை நன்றாகப் படித்துவிட்டு, அதை வைத்தே என் வாடிக்கையாளரை ஏமாற்றியிருக்கிறான்.

செல்வம் எட்டிப் பார்த்தார். “அந்த இரும்பு எதுக்குங்க?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொன்னது: “அது ஹீட் சிங்க். சூட்டை இழுக்கிறது.”

“அப்ப நல்ல சாமான்தானே அண்ணே!” என்று அவர் முகம் மலர்ந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. பதில் தெரியாவிட்டாலும், பதில் பிடிக்காவிட்டாலும், ஓர் இங்கிலீஷ் பெயரைத் தூக்கி வாடிக்கையாளர் முன்னால் போட்டுவிடுவோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

“நாளைக்குக் காலமை நானே அம்போடை வீட்டை வந்து ஸ்பீக்கரிலை பூட்டித் தாறன்” என்று அனுப்பிவைத்தேன். அவர் போனதும் அந்த இரும்பைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு புறக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

4. நியாஸ் நானாவின் கடையில்

நியாஸ் நானா இலெக்ட்ரோனிக் சாமான் விற்பவர், எனக்குப் பழைய பழக்கம். இரும்பை அவர் மேசையில் வைத்தேன். மனுஷன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மாஸ்டர், ஒங்கட ஆக்கள் வந்தா பாட்டுப் போட்டுக் கேக்கிய இல்ல, தூக்கித்தான் பாக்கிய. பாரம் இல்லாட்டி வெச்சிட்டுப் போற. அதப் பாத்திட்டு எவனோ உள்ளுக்கு இரும்ப ஒட்டி ஈக்கான். அவன்ட யாவாரம் அவனுக்கு!”

சிரித்து முடித்தபின் உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்து வந்தார். கையில் வைத்தால் வைத்தது தெரியவில்லை. என் கை அதை வேண்டாம் என்றது. கையை அடக்கிக்கொண்டு மூடியைத் திறந்து பார்த்தேன். சிப்பின் மேல் ஒழுங்கான அலுமினிய ஹீட் சிங்க், தரமான கப்பாசிட்டர்கள், சுத்தமான சோல்டரிங். விலையும் செல்வம் கொடுத்ததைவிடக் குறைவு. என் காசிலேயே அதை வாங்கிக்கொண்டேன்.

இளையவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் நூறு வாட்ஸ் என்று எழுதியிருந்தால் நம்பி விடாதீர்கள். அடப்டரை எடுத்து, வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். செல்வத்துக்குக் கொடுத்த அடப்டர் பன்னிரண்டு வோல்ட், இரண்டு அம்பியர். பெருக்கினால் இருபத்துநாலு வாட்ஸ்தான். உள்ளே போகாத வாட்ஸ் வெளியே எப்படி வரும்? சத்தத்தைக் கூட்டியதும் அது நின்றுபோனது அதனால்தான். புதியது இருபத்துநாலு வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. என்னிடம் பத்தொன்பது வோல்ட் லெப்டொப் சார்ஜர் ஒன்று சும்மா கிடந்தது. வீட்டில் கேட்க அது தாராளம்.

5. ஜிந்துப்பிட்டியில் ஞாயிறு

புஷ்பம் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். “வாங்கண்ணே. இன்னைக்காவது பாடுமா, இல்ல நான் ஆள வரச் சொல்லட்டுமா?”

புது அம்பை வெளியே எடுத்தேன். செல்வம் ஆசையாகக் கையில் வாங்கினார். வாங்கியதுமே முகம் விழுந்துவிட்டது.

“அண்ணே, இது பாரமே இல்லையே. கோவிச்சுக்காதீங்க, பழசையே திருத்திக் குடுத்துருங்களேன்.”

நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்புவிக்கிறார். இனி ஒளிக்க இடமில்லை. பையிலிருந்த இரும்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

“செல்வம், இது ஹீட் சிங்க் இல்லை. வெறும் இரும்பு. ஆரோ ஏமாத்திறதுக்கு ஒட்டியிருக்கிறான். பாரம் பாத்து வாங்கச் சொன்ன என்ரை கதைதான் பிழை. நேற்று வெக்கத்திலை பொய் சொல்லிப்போட்டன்.”

செல்வம் இரும்பை விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். புஷ்பம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இதுக்கா சல்லி குடுத்தீங்க?” என்று கணவனைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “சரி, படிச்சவரு நீங்க சொன்னீங்கன்னு அவரு கேட்டாரு. நீங்க யாரு சொன்னதக் கேட்டீங்க?” என்றார். நான் குனிந்து வயர்களைச் சிக்கெடுக்கத் தொடங்கினேன். அவருக்கே பாவமாகிவிட்டது போல, தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார்.

வயர்களைப் பூட்டினேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் செல்வத்தை உட்கார வைக்க வேண்டும். அந்த இடத்தில் தையல் மெஷின் நின்றது. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது புஷ்பம் தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? புடிங்க மத்தப் பக்கத்த.” தள்ளி வைத்துவிட்டுத் தன் முக்காலியையும் அங்கே போட்டார்.

செல்வம் உட்கார்ந்து, போனில் நாதஸ்வரத்தைப் போட்டார். கரகரப்பில்லை. சத்தத்தைக் கூட்டினார். நிற்கவில்லை. தவில் இடப்பக்கம், நாதஸ்வரம் நடுவில், தாளம் வலப்பக்கத்து மூலையில். எனக்கே புல்லரித்தது. அந்த விளையாட்டுச் சாமானிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். புஷ்பம் நாடாவைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து நின்று கேட்டார்.

உருப்படி முடிந்ததும் செல்வம் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி முதலில் ஒரு ஸ்பீக்கரைக் காட்டினார், பிறகு மற்றதை.

“அண்ணே, அந்த ஜன்னலுக்கு வெளிய இந்தப் பெட்டி மட்டுந்தாங்க கேக்கும், அது கேக்காது. பதினொரு வருஷமா பாதிதான் கேட்டிருக்கேன்.”

தேத்தண்ணியை மடக்கென்று குடித்தேன்.

அதன்பிறகு நான் யாருக்கும் தூக்கிப் பார்க்கச் சொல்வதில்லை. அம்ப் தேடி வருகிறவரிடம் வாட்ஸ், விலை எதையும் பேசுமுன் ஒன்று கேட்கிறேன்: “எங்கை இருந்து கேக்கப் போறீங்கள்?” சிலர் இது என்ன கேள்வி என்பது போல என்னைப் பார்க்கிறார்கள். முப்பது வருஷத்தில் ஒருவரிடமும் நான் கேட்காத கேள்விதான்.